ரத்தத்துல உப்பு வேற, யூரின்ல உப்பு வேற

போன மாசம் நீர்க்கடுப்பு பத்தி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் முக்காவாசி கிட்னி கேள்விதான். ஒரே கேள்விய பல பேரு கேட்டிருந்ததால சிலத ஒண்ணாச் சேத்திருக்கேன். பேரு போடல, ஊரு மட்டும்தான்.

முக்கூடல் வாசகி: டாக்டரம்மா, எனக்கு 38 வயசு, பீடி சுத்துற சோலி. ஆறு மாசமா ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா நிக்கு, தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்கு. லேப்ல யூரின் பாத்துட்டு ‘ஆல்புமின் ரெண்டு பிளஸ்’னு எழுதிக் குடுத்தாங்க. பயந்துபோய் ரத்தமும் குடுத்துப் பாத்தேன், கிரியாட்டினின் 0.9, நார்மல்னு வந்துச்சு. பக்கத்து வீட்டு மதினி ‘ரத்தத்துல உப்பு இல்லல்லா, அப்ப கிட்னி நல்லாத்தான் இருக்கு, சும்மா கெட’ங்கா. நான் எதை நம்ப?

யூரினை நம்புங்க தாயி. மதினி மேல தப்பு இல்ல, நம்ம பக்கம் ‘உப்பு’ங்கிற ஒரே வார்த்தைய ரெண்டு சாமானுக்குச் சொல்லிப் பழகிட்டோம், டாக்டருங்க நாங்களும் திருத்தாம அப்படியே பேசிட்டோம். ‘ரத்தத்துல உப்பு கூடிருச்சு’ன்னா யூரியா, கிரியாட்டினின், அதாவது வெளிய போக வேண்டிய கழிவு உள்ளயே தங்குது. ‘யூரின்ல உப்பு போகுது’ன்னா அது ஆல்புமின், அது உப்பே கிடையாது, புரதம், உடம்புக்குள்ள இருக்க வேண்டியது வெளிய ஒழுகுது. ஒண்ணு தங்குறது, இன்னொண்ணு ஒழுகுறது. பெரும்பாலும் ஒழுகுறதுதான் முதல்ல வரும், தங்குறது ரொம்பப் பின்னாடி வரும்.

ஏன்னா ஒவ்வொரு கிட்னியிலயும் சுமார் 10 லட்சம் சல்லடை இருக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில பத்து பேரு பரிமாற வேண்டிய எடத்துல அஞ்சு பேரு ஓடி ஓடிப் பரிமாறினா எலை முன்னால உக்காந்திருக்கவனுக்குக் குறை தெரியுமா, தெரியாது, அதே மாதிரி பாதி சல்லடை கெட்டுப்போனாலும் மிச்சம் உள்ளது சேத்து வேலை பாத்துக் கிரியாட்டினின நார்மல்லயே வச்சிருக்கும். பாதிக்கு மேல போன பொறவுதான் ரத்தத்துல நம்பர் ஏறும். அதுவும் ஒல்லியான பெண்களுக்குச் சதை கம்மி, சதையில இருந்துதான் கிரியாட்டினின் உண்டாகுது, அதனால இன்னும் தாமதமாத்தான் காட்டும். உங்க வயசுக்கு 0.9ன்னா கணக்குப்படி வடிகட்டுற வேகம் 84 கிட்ட வருது, நல்ல நம்பர்தான். அதனாலதான் சொல்லுதேன், இப்பவே பிடிச்சா காப்பாத்துறதுக்கு நெறைய மிச்சம் இருக்கு.

அடுத்து ‘ஏசிஆர்’னு கேட்டு எடுங்க. ஆல்புமின் எவ்வளவு, அதே யூரின்ல கிரியாட்டினின் எவ்வளவு, ரெண்டையும் வகுத்து வர்ற நம்பர் அது. எதுக்கு வகுக்கணும்னா, தண்ணி நெறைய குடிச்சிருந்தா யூரின் நீர்த்து ஆல்புமின் கம்மியாத் தெரியும், வெயில்ல தண்ணி குடிக்காமக் கெடந்தா கெட்டியாகி அதிகமாத் தெரியும், வகுத்துட்டா அந்தப் பித்தலாட்டம் போயிரும். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழன்னா சரி, 30ல இருந்து 300 வரைக்கும் ஒழுக்கு ஆரம்பிச்சாச்சு, 300க்கு மேலன்னா பெரிய ஒழுக்கு. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு, முந்தின நாள் பாரமான வேலை இதெல்லாம் இருந்தா சும்மாவே கூடக் காட்டும், அதனால பொதுவா மூணு மாசத்துக்குள்ள திரும்பப் பாத்துத்தான் முடிவு சொல்லுவோம். ஆனா உங்களுக்கு ரெண்டு பிளஸ், அதோட ஆறு மாச நுரை, நீங்க மூணு மாசம் காக்க வேண்டாம். இந்த வாரமே சுகர், பிரஷர், மைக்ராஸ்கோப்ல யூரின், வயித்து ஸ்கேன் நாலும் பாத்துட்டு கிட்னி டாக்டர்கிட்ட போங்க. பாளை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலயே பாக்கலாம், பீடிக் கூலியில தனியாருக்குக் கொட்டிக் குடுக்க வேண்டிய அவசியம் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். 1827ல லண்டன்ல ரிச்சர்ட் பிரைட்னு ஒரு டாக்டர், கால் வீங்கி வந்தவங்களோட யூரின கரண்டியில ஊத்தி மெழுகுவத்தியில காட்டுவாரு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிஞ்சா கிட்னி கெட்டிருக்குன்னு சொல்லிருவாரு. செத்த பொறவு அறுத்துப் பாத்தா அவரு சொன்னது சரியா இருக்கும். ரத்தத்துல கிரியாட்டினின் பாக்க வழியே இல்லாத காலத்துல யூரின் சேதி சொல்லிருக்கு, இப்ப எல்லா வசதியும் இருந்தும் அத ஒதுக்கி வச்சிட்டு ரத்தத்த மட்டும் பாக்கோம், எனக்கு அதுதான் ஆத்தாமை.

சங்கரன்கோவில் வாசகர்: யூரின் டெஸ்டுக்கு எப்ப, எப்படிக் குடுக்கணும்? ஒவ்வொரு லேப்லயும் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க.

ஏசிஆருக்கு காலையில எந்திரிச்சதும் வர்ற முதல் யூரின். முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்றத பிடிங்க. மைக்ராஸ்கோப்ல பாக்கணும்னு எழுதியிருந்தா ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல குடுத்துரணும், வீட்டுல பிடிச்சு பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம் வெயில்ல கொண்டு போனா உள்ள இருக்க அணுவெல்லாம் கரைஞ்சு ஒண்ணும் தெரியாது. அப்படின்னா லேப்லயே போய்க் குடுக்கதுதான் நல்லது. காலி ஊறுகாய் பாட்டில், மருந்து பாட்டில் எல்லாம் வேண்டாம், அவங்க குடுக்க டப்பாவையே கேளுங்க.

களக்காடு வாசகர்: எம் பையனுக்கு ஏழு வயசு. கால்ல சிரங்கு வந்து ஆறி ஒரு மாசம் இருக்கும். நேத்து காலையில மொகம் ஊதிப்போய் எந்திரிச்சான், ஒண்ணுக்கு கருப்பட்டிக் காப்பி மாதிரி போறான். ஆச்சி ‘சூடு, வெந்தயத்த ஊறவச்சுக் குடு’ங்காக.

இது சூடு இல்ல, இத வாசிச்ச ஒடனே பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, முதல்ல பிரஷர் பாக்கச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைக்கு என்ன பிரஷருன்னு சில எடத்துல பாக்காமலே விட்டுருவாங்க, பிரஷர் தலைக்கேறி வலிப்பு வர்றதுதான் இந்த நோயில பயப்பட வேண்டியது.

சிரங்கு, தொண்டைப்புண்ணு இதுக்கெல்லாம் காரணமான ஒரு வகைக் கிருமிய அடிக்க உடம்பு உண்டாக்குற எதிர்ப்புச் சத்து அந்தக் கிருமியோட சேந்து கிட்னி சல்லடையில போய் ஒட்டிக்கிடும், அதுல சல்லடை வீங்கும். தொண்டைப்புண்ணுன்னா ஒண்ணுல இருந்து மூணு வாரம் கழிச்சு, சிரங்குன்னா மூணுல இருந்து ஆறு வாரம் கழிச்சு வரும், அதனாலதான் சிரங்கு ஆறிருச்சேன்னு நெனைக்கும்போது இது வந்து நிக்கு. யூரின மெஷின்ல வச்சு சுத்தி அடியில நிக்கத மைக்ராஸ்கோப்ல பாத்தா செவப்பணுக்கள் நெளிஞ்சு நசுங்கி, அச்சுல வார்த்த குச்சி மாதிரி சேந்து கெடக்கும். அந்தக் குச்சிக்கு ‘ஆர்பிசி காஸ்ட்’னு பேரு. கல்லு குத்தியோ நீர்ப்பை புண்ணாகியோ வர்ற ரத்தத்துல இந்த குச்சி இருக்காது, கிட்னிக்குள்ள சல்லடையில இருந்து வந்தாத்தான் இருக்கும், ஒரு ரூபாய் கண்ணாடித் துண்டுல இவ்வளவு பெரிய சேதி.

பயப்படாதீங்க, பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் முழுசா சரியாயிரும். ரத்தத்துல ‘சி3’ன்னு ஒரு எதிர்ப்புப் புரதம் குறைஞ்சிருக்கும், எட்டு வாரத்துக்குள்ள நார்மலுக்கு வந்துரணும். கண்ணுக்குத் தெரியாத செவப்பணு மட்டும் ஒரு வருஷம் வரைக்கும்கூட யூரின்ல தட்டுப்படலாம், அதுக்குக் கலங்க வேண்டாம். சி3 ஏறாமலே நின்னாலோ ஆல்புமின் ஒழுகிட்டே இருந்தாலோ அது வேற நோய், அப்ப விடக் கூடாது. தொண்டைப்புண்ணு வந்த மறுநாளே இந்த நிறத்துல போனாலும் அது வேற கதை, ‘ஐஜிஏ’ன்னு வேற ஒரு கிட்னி நோயா இருக்கலாம், அத டாக்டர்கிட்ட தனியாச் சொல்லுங்க.

மேலப்பாளையம் வாசகர்: தங்கச்சிக்கு 21 வயசு, லூபஸ்னு சொல்லி ஒரு வருஷமா மாத்திரை. இப்ப யூரின்ல புரதம் போகுது, கிட்னியில வீக்கம், ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும்ங்காங்க. உம்மா அழுதுட்டே இருக்காங்க, கிட்னியக் குத்தினா கிட்னி போயிரும்னு யாரோ சொல்லிட்டாங்க. நான் போன்ல தேடினதுல எம்சிபி-1, சிடி163ன்னு புது யூரின் டெஸ்ட் வந்திருக்குன்னு போட்டிருக்கு. அத எடுத்தா பயாப்ஸி வேண்டாம்லா?

தம்பி, நீங்க தேடிப் படிச்சதுல எனக்கு சந்தோசம், படிச்சது பொய்யும் இல்ல. ஆனா இன்னைக்கு உங்க தங்கச்சிக்கு வேண்டியது பயாப்ஸிதான். ஏன்னு முழுசாச் சொல்லுதேன், உம்மாவையும் பக்கத்துல வச்சு வாசிச்சுக் காட்டுங்க.

முதல்ல ‘வீக்கம்’. ஸ்கேன்ல ‘கிட்னி வீங்கியிருக்கு’ன்னு எழுதுவாங்களே அது கல்லோ வேற எதுவோ அடைச்சு யூரின் தேங்கி ஊதுறது, அந்த வீக்கம் வேற. லூபஸ்ல சொல்ற வீக்கம் ஸ்கேன்ல தெரியவே தெரியாம இருக்கலாம். உடம்போட காவல்காரனே வீட்டுக்காரன அடிக்க மாதிரி எதிர்ப்புச் சக்தி சொந்த சல்லடைய அடிக்குது, அங்க வெள்ளையணுக்கள் குவிஞ்சு புண்ணாகுது, அதுதான் இந்த வீக்கம்.

இப்ப நீங்க படிச்ச எம்சிபி-1. அடிபட்ட கிட்னி செல்லு ‘இங்கன வாங்க இங்கன வாங்க’ன்னு வெள்ளையணுக்களக் கூப்பாடு போட்டு வரவழைக்க விடுற ஒரு புரதம் அது. கூப்பாடு கூடக் கூட யூரின்லயும் அது கூடும். கூப்பாட்டுக்கு ஓடிவந்து உக்காந்த செல்லோட மேல்தோல்ல இருந்து உதிர்றது சிடி163. அப்ப இது ரெண்டும் யூரின்ல ஏறினா உள்ள சண்டை நடக்குன்னு அர்த்தம், அதுதான் ஆல்புமினுக்கும் இதுக்கும் வித்தியாசம். ஆல்புமின் ‘ஓட்டை இருக்கு’ங்கும், ஆனா அந்த ஓட்டை இன்னைக்கு அடிபட்டு விழுந்ததா, போன வருஷம் விழுந்து தழும்பாகிப் போனதாங்கிறத ஆல்புமினால சொல்ல முடியாது. இது பெரிய விசயம். இன்னைக்கு நடக்க சண்டைன்னா பலமான மருந்து குடுத்து அடக்கணும், பழைய தழும்புன்னா அதே மருந்து பிரயோசனம் இல்லாம உடம்பத்தான் கெடுக்கும். சிடி163 லூபஸ்லயும், ரத்தக்குழாய் வீங்குற ‘வாஸ்குலைடிஸ்’ நோயிலயும் ரொம்ப நல்லா சேதி சொல்லுதுன்னு பல நாட்டு ஆய்வுல வந்திருக்கு, எனக்கும் இதுல நெறைய நம்பிக்கை உண்டு.

ஆனா நம்ம பக்கத்து லேப்ல போய்க் கேட்டா இது கிடைக்காது, பெரும்பாலும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, எந்த நம்பருக்கு மேல போனா மருந்த மாத்தணும்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட கோடும் இன்னும் போடல. அதோட லூபஸ் கிட்னியில ஆறு வகுப்பு இருக்கு. மூணு, நாலுன்னா ஒரு வைத்தியம், அஞ்சுன்னா கொஞ்சம் வேற, ஆறுன்னா எல்லாம் தழும்பு. எந்த வகுப்பு, எவ்வளவு சண்டை, எவ்வளவு தழும்பு, இது மூணையும் சேத்துச் சொல்றது இன்னைக்கும் பயாப்ஸி மட்டும்தான். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மரத்துப்போற ஊசி போட்டு நூல் மாதிரி ரெண்டு துண்டு எடுப்பாங்க, 10 லட்சம் சல்லடையில போறது இருபது முப்பது. அன்னைக்கு முழுக்க படுத்திருக்கணும், சில பேருக்கு யூரின்ல கொஞ்சம் ரத்தம் போகும், பெரும்பாலும் தானா நின்னுரும், ரொம்பக் கொஞ்சம் பேருக்கு ரத்தம் ஏத்த வேண்டி வரலாம். கிட்னி போறது பயாப்ஸியால இல்ல உம்மா, பயாப்ஸிய மூணு மாசம் தள்ளிப்போட்டு அந்த நேரத்துல சண்டை நடந்து தழும்பாகிப் போறதாலதான் போகுது. ரெண்டு தடவ நான் இப்படிப் பாத்திருக்கேன், ரெண்டு பேரும் இதே வயசுப் பிள்ளைக, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்.

பயாப்ஸி முடிஞ்ச பொறவு யூரின்தான் உங்களுக்கு வழிகாட்டி. மருந்து ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல நாளைக்குப் போற புரதம் 0.8 கிராமுக்குக் கீழ வந்துட்டா வருங்காலத்துல கிட்னி நல்லா இருக்கும்னு நீண்ட நாள் ஆய்வுகள்ல தெரிஞ்சிருக்கு. சர்வசாதாரண டெஸ்ட், எங்கயும் கிடைக்கும். லூபஸுக்குக் குடுக்க ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைய மட்டும் ‘நல்லாத்தான இருக்கா’ன்னு நடுவுல நிறுத்திராதீங்க.

மானூர் வாசகர்: நானும் தம்பியும் செங்கச் சூளையில வேலை. ஊருக்கு ஒரு கேம்ப் வந்துச்சு, ‘ஃபுல் கிட்னி பேக்கேஜ்’னு என்ஜிஏஎல், கிம்-1 எல்லாம் சேத்து ஒரு பெரிய தொகை சொல்லுதாங்க. எடுக்கலாமா? யூரின்ல உப்பு பாத்ததுல இல்லன்னுதான் வந்துச்சு.

எடுக்க வேண்டாம், அந்தக் காச வச்சிருங்க. ஆனா உங்க கேள்வியில நான் முக்கூடல் அம்மாவுக்குச் சொன்னதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, அத விளக்கணும்.

கிட்னியில சல்லடைக்குப் பொறவு நீளமான குழாய் இருக்கு, சல்லடையில இறங்கின தண்ணியில வேண்டியத திருப்பி எடுக்குற வேலை அதுக்கு. சுகர்ல, லூபஸ்ல முதல்ல கெடுறது சல்லடை. வெயில்ல வேகுறவங்களுக்கு, தண்ணியில்லாமக் காயுறவங்களுக்கு, வலி மாத்திரை அடிக்கடி போடுறவங்களுக்கு முதல்ல கெடுறது குழாய். சல்லடை முழுசா இருக்கதால ஆல்புமின் அவ்வளவா ஒழுகாது, யூரின்ல முக்கிப் பாக்குற ஸ்ட்ரிப்புல ‘இல்ல’ன்னுதான் வரும், உள்ள குழாய் பைய பைய நாராப் போயிட்டே இருக்கும். ஆந்திராவுல உத்தானம் பக்கம், இலங்கையில வடமத்திய மாகாணத்துல, மத்திய அமெரிக்கா கரும்புத் தோட்டத்துல எல்லாம் சுகரும் இல்லாம பிரஷரும் இல்லாம விவசாயிகளுக்கு கிட்னி போகுதே, அது பெரும்பாலும் இந்த மாதிரிதான், காரணம் என்னன்னு இன்னும் முழுசா முடிவாகல, வெக்கையும் ஒரு பங்குன்னு வலுவான சந்தேகம் இருக்கு.

என்ஜிஏஎல், கிம்-1 ரெண்டும் அந்தக் குழாய் அடிபட்டா வர்றதுதான். 2005ல இதய ஆபரேஷன் பண்ணின 71 பிள்ளைகள்ட்ட பாத்தப்ப, கிரியாட்டினின் ஏற ஒரு நாளுக்கு மேல ஆகுற எடத்துல என்ஜிஏஎல் ரெண்டு மணி நேரத்துல யூரின்ல ஏறிருச்சு. பெரிய விசயந்தான், ஆனா அது ஐசியூல, இந்த நேரத்துல அடிபட்டுதுன்னு தெரிஞ்ச எடத்துல உபயோகம். அமெரிக்காவுல 2023 கடைசியில அதுக்கு அனுமதி குடுத்ததும் ஐசியூல இருக்க பிள்ளைகளுக்குத்தான். ஊர்க் கேம்புல என்னைக்கோ ஒரு நாள் எடுத்தா நீர்க்கடுப்பு இருந்தாக்கூட ஏறிக் காட்டும், வெறும் பயத்துக்குத்தான் ஆகும்.

நீங்க ரெண்டு பேரும் செய்ய வேண்டியது, வருஷத்துக்கு ஒருதடவ ரத்தத்துல கிரியாட்டினின், யூரின்ல ஏசிஆர், பிரஷர். உங்களுக்கு யூரின் மட்டும் போதாது, ரத்தமும் வேணும். இந்த வருஷ நம்பர போன வருஷ நம்பரோட வச்சுப் பாருங்க, 0.8 இருந்தது 1.1 ஆச்சுன்னா லேப்காரர் நார்மல்னு போட்டாலும் உங்களுக்கு அது நார்மல் இல்ல. சூளையில நிழலுக்கு ஒரு கொட்டகையும் குடிக்க நல்ல தண்ணியும் கேளுங்க, அது சலுகை இல்ல, உங்க உரிமை. அப்புறம் கை கால் வலின்னு சாயங்காலமானா போடுற டைக்ளோஃபெனாக் ஊசி, காஞ்ச ஒடம்புல அந்த ஊசி ஏறுனா கிட்னிக்குப் போற ரத்தமே சுருங்கும். தயவுசெஞ்சு விடுங்க.

வள்ளியூர் வாசகி: அப்பாவுக்கு கிரியாட்டினின் 2.1. ஒருத்தர் வீட்டுக்கே வந்து பொடி குடுக்காரு, மூணு மாசமா சாப்பிடுதாங்க. யூரின் ஸ்ட்ரிப்புல ஆல்புமின் லேசாத்தான் இருக்கு, அப்ப பொடி வேலை செய்யிதுன்னு எடுத்துக்கிடலாமா?

எடுத்துக்கிட முடியாதும்மா, ஸ்ட்ரிப்பு ஆல்புமினத்தான் பாக்கும், குழாய் கெட்டா ஒழுகுற சின்னப் புரதங்கள் அதுல படாது. 1990கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல, உடம்பு மெலியிறதுக்கு மூலிகை சாப்பிட்ட பெண்களுக்கு கிட்னி வேகமாச் சுருங்கிப் போச்சு, அவங்களுக்கும் ஆல்புமின் கொஞ்சம்தான் போச்சு. காரணம் அரிஸ்டோலோக்கிக் ஆசிட், பின்னால கேன்சரும் வந்துச்சு. நம்ம ஊரு ஆடுதின்னாப்பாளையும் அதே குடும்பம், அந்த ஆசிட் அதுலயும் இருக்கு. பொடியில அது இருக்கா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, குடுக்கவரு எழுதித் தரலன்னா அதுவே நிறுத்துறதுக்குக் காரணம் போதும்.

சித்த மருத்துவத்த நான் குறை சொல்லல. பாளையங்கோட்டையிலயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, படிச்சவங்க இருக்காங்க, அங்க போய் ‘கிரியாட்டினின் 2.1’னு சொல்லிக் கேளுங்க. பேரில்லாத பொடிதான் வேண்டாம். பாதரசம் சேந்த மருந்தால சல்லடை கெட்டு புரதம் கொட்டுறத 2022ல நம்ம தென்னிந்திய டாக்டர்களே ஆய்வா எழுதியிருக்காங்க, கேரளாவுல மொகம் வெளுக்க கிரீம் பூசினவங்களுக்கும் இதே வந்துச்சு, நிறுத்தினதும் நெறைய பேருக்கு புரதம் நின்னுச்சு. வீட்டுல அந்த மாதிரி கிரீம் இருந்தாலும் சேத்துத் தூக்கிப் போடுங்க.

அம்பாசமுத்திரம் வாசகி: வீட்டுக்காரருக்கு 58 வயசு, 14 வருஷமா சுகர். ஆறு மாசம் முன்னால ஏசிஆர் 900, கிரியாட்டினின் 1.4. டாக்டர் லோசார்ட்டன் கூட்டி, டாபாகிளிஃப்ளோசின்னு புது மாத்திரையும் எழுதினாங்க. இப்ப ஏசிஆர் 520க்கு வந்திருக்கு, ஆனா கிரியாட்டினின் 1.6 ஆயிருச்சு. மாத்திரையாலதான் ஏறிருச்சுன்னு இவக நிறுத்திட்டாக, நாலு நாளாச்சு. இன்னும் எத்தன வருஷம் தாங்கும்னு நேராச் சொல்லுங்க டாக்டர், எனக்குத் தெரிஞ்சாகணும்.

முதல்ல மாத்திரைய எழுதின டாக்டருக்கு இன்னைக்கே போன் பண்ணி, நிறுத்தினதச் சொல்லி, திரும்ப ஆரம்பிக்கக் கேளுங்க. மாத்திரையால ஏறிருச்சுன்னு அவக சொல்றது சரிதான், அதுல கெடுதல் இருக்குன்னு நெனைக்கதுதான் தப்பு. சுகர்ல சல்லடை மேல அழுத்தம் அதிகம், அந்த அழுத்தத்துலதான் ஆல்புமின் பிதுங்கி ஒழுகுது. இந்த ரெண்டு மாத்திரையும் அழுத்தத்த இறக்குது, இறக்கினா ஒழுக்கு குறையும், கூடவே வடிகட்டுற வேகமும் கொஞ்சம் குறையும், அதான் 1.4 வந்து 1.6 ஆச்சு. ஏறினது 14 சதவீதம், 30 சதவீதத்துக்குள்ள நின்னா நாங்க மாத்திரைய நிறுத்த மாட்டோம். யூரின்ல குறைஞ்சது 42 சதவீதம். ரத்தம் ஒண்ணு சொல்லுது, யூரின் ஒண்ணு சொல்லுது, இந்த எடத்துலயும் நான் யூரின் பக்கம்தான் நிப்பேன்.

காரணமில்லாமச் சொல்லல. 2019ல பல நாட்டு ஆட்களோட கணக்கச் சேத்துப் பாத்தப்ப, ரெண்டு வருஷத்துல ஏசிஆர் 30 சதவீதம் குறைஞ்சவங்களுக்கு கிட்னி முழுசாப் போற ஆபத்து அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைவா இருந்துச்சு. 2020ல 4304 பேர்ல பாதி பேருக்கு டாபாகிளிஃப்ளோசினக் குடுத்துப் பாத்த ஆய்வுல, கிட்னி பாதிக்கு மேல கெடுறது, டயாலிசிஸ், கிட்னியாலயோ இதயத்தாலயோ சாவு, எல்லாம் சேத்து 39 சதவீதம் குறைஞ்சுச்சு, பலன் தெளிவாத் தெரிஞ்சதால ஆய்வ முன்னாடியே நிறுத்திட்டாங்க. அதே வருஷம் நம்ம நாட்டுல அதோட முதல் பேடன்ட் முடிஞ்சு விலையும் எறங்கிருச்சு.

எத்தன வருஷம்னு கேட்டீங்க. வயசு, ஆணா பெண்ணா, வடிகட்டுற வேகம், ஏசிஆர், இது நாலையும் போட்டா இன்னும் ரெண்டு வருஷத்துல, அஞ்சு வருஷத்துல கிட்னி முழுசாப் போற வாய்ப்பு எத்தன சதவீதம்னு சொல்ற ஒரு கணக்கு 2011ல இருந்து இருக்கு. உங்க டாக்டர்கிட்ட போட்டுக் காட்டச் சொல்லுங்க, அதுல 900க்குப் பதிலா 520 போட்டா சதவீதம் எறங்குறத உங்க கண்ணாலயே பாக்கலாம். அவகளுக்கு இப்ப வேகம் 50 கிட்ட, இது டயாலிசிஸ் பேசுற எடம் இல்ல. 520ங்கிறதும் நிக்க வேண்டிய எடம் இல்ல, இன்னும் எறக்கணும், அதுக்கு பிரஷர், சாப்பாட்டு உப்பு, சுகர் மூணும் ஒத்துழைக்கணும். ஊறுகா, அப்பளம், கருவாட நிறுத்தச் சொன்னா சண்டைக்கு வருவாக, பரவாயில்ல, வரட்டும்.

வாந்தி, வயித்துப்போக்கு வந்தாலோ, திருச்செந்தூருக்குப் பாதயாத்திரைன்னு சாப்பிடாம நடந்தாலோ டாபாகிளிஃப்ளோசின அந்த நாளுக்கு மட்டும் நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கேக்கணும். இந்த மாத்திரையில கீழ அரிப்பு, படை வரலாம், வெக்கப்படாமச் சொல்லச் சொல்லுங்க, சின்ன மருந்துல போயிரும். லோசார்ட்டன் கூட்டியிருக்கதால பொட்டாசியமும் பாக்கணும், அது தெரியிற வரைக்கும் எளநி வேண்டாம். மூணு மாசம் கழிச்சு திரும்ப ரெண்டு டெஸ்டும் எடுத்து, மூணு தேதி நம்பரையும் ஒரே தாள்ல வரிசையா எழுதி டாக்டர் முன்னால வைங்க, ஏசிஆர் மேல, கிரியாட்டினின் கீழ.